கைப்பிடி விழும் இடம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் நலமா? ஐந்தாம் மாதம் ஆகிவிட்டதே, வாந்தி நின்றதா? உன் கணக்கு டீச்சரைப் படிக்கட்டு ஏறி இறங்கவிடாதே. இங்கே அம்மா நலம், உன் அத்தான் நலம். எனக்குத்தான் கழுத்து வலி. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, அவர்கள் மிதிக்காத பிரேக்கை நான் மிதிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் உன் பார்சல்.

தம்பி, கால்மிதியில் எந்தப் புண்ணியவானாவது தேவதூதரை அச்சடிப்பானா? மண்டியிட்டு, கையில் வெள்ளைப் பூவோடு, இறக்கை விரித்து, தலைக்குப் பின்னால் தங்க வட்டத்தோடு அவர் நம் வாசலில் கிடக்கிறார். உன் அத்தான் காலைத் தூக்கியதும் அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "தலைக்குப் பின்னால வட்டம் இருந்தா அது சாமி. அது மேல கால் வெச்சுட்டு நல்லா இருந்துடுவீங்களா?" இப்போது கால்மிதி சுவரில் தொங்குகிறது. தரையில் பழைய சாக்கு. வருகிறவர்கள் ஈரக் காலோடு நின்று சுவரையும் தரையையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.

அடுத்து, நீ அனுப்பிய ஆறு கோப்பைகள். நீளமான மேசையில் சாமியும் சீடர்களும் கடைசியாகச் சாப்பிடும் அந்தப் படம். பதின்மூன்று பேர் இருக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். எண்ணினேன். பதினொருவர்தான். மீதி இரண்டு பேர் எங்கே?

உன் கம்பெனிக் கழிவில் கிடைத்ததையெல்லாம் என் தலையில் கட்டாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் திட்டு கிடைத்தது. நலம் என்று தெரிந்துகொண்டேன். நீ திட்டாமல் எழுதினால்தான் எனக்குப் பயம். இங்கே நாங்கள் இருவரும் நலம். வாந்தி நின்று இப்போது பசி. நேற்று என் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டாள்.

அந்த இரண்டு பேரைப் பற்றிக் கேட்டாய். கோப்பையைச் சுற்றிப் படத்தை ஒட்டும்போது கைப்பிடிக்காக இரண்டு விரல் அகலம் விட வேண்டும். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் போய்விடுவார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் வரைந்தவர் கைப்பிடியை நினைத்து வரையவில்லை. எங்கள் மேலாளர் சொன்னார்: "காட்டிக் கொடுத்தவனத் தூக்கிடுப்பா. யாரும் கேக்க மாட்டாங்க." அவன் ஓரத்தில் இருந்தால்தானே தூக்க முடியும்? நடுப்பக்கமாக அல்லவா உட்கார்ந்திருக்கிறான். கடைசியில், ஓரத்தில் இடம் பிடித்த குற்றத்துக்காக இரண்டு நல்லவர்கள் போனார்கள்.

இதுதான் அக்கா என் வேலை. எந்தப் படத்தில் எதை வைப்பது, எதை வெட்டுவது. சிரிக்காதே. இந்த மாதம் ஒரு சுவர்க்கடிகாரம் செய்தோம். தாயும் மடியில் குழந்தையும். முள் மாட்டுகிற துளை நட்டநடுவில்தான் வர வேண்டும் என்றார் மேலாளர். நட்டநடு என்றால் குழந்தையின் தொப்புள். முடியாது என்று இரண்டு நாள் சண்டை போட்டேன். படத்தையே மேலே நகர்த்தி, துளை தாயின் நீலப் போர்வையில் விழும்படி செய்தேன். குழந்தை மேல் ஒரு கீறல்கூட இல்லை. உனக்கு ஒன்று அனுப்புகிறேன்.

வயிற்றில் உதைக்க ஆரம்பித்தாயிற்று. அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம். கடிகாரம் வந்தது. கூடவே நான் கேட்காத குடையும் வந்தது. விரித்தால் உள்பக்கம் பூராவும் மேகமும் குட்டித் தேவதூதர்களும். ஒவ்வொருவர் வயிற்றுக்கு நடுவிலும் ஒரு கம்பி ஓடுகிறது. மழையில் நனைந்தால் சாமிக்குச் சளி பிடிக்கும் என்பதுபோல அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நான் நனைந்துகொண்டு வேலைக்குப் போனேன்.

கடிகாரத்தைப் பற்றி என்ன சொல்ல? குழந்தைக்குக் கீறல் இல்லை, சரிதான். பன்னிரண்டு மணிக்கு இரண்டு முள்ளும் சேர்ந்து அந்தத் தாயின் கன்னத்தில் குத்துகின்றன. அதைப் பார்க்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. பதினொன்றே முக்காலுக்குச் சமையலறைக்குள் போனால் ஒரு மணிக்குத்தான் வெளியே வருகிறாள். உன் அத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்து பசியோடு உட்கார்ந்திருக்கிறார். "உன் தம்பி செஞ்ச கடிகாரத்துல எனக்கு மதியமே கிடையாது" என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். மே இரண்டாம் வாரம் என்றாயே, ஏப்ரல் கடைசியிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். பதினைந்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, எல்லாவற்றையும் எழுது. தேவதூதர் கதை எழுதாதே.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி? அத்தானுக்கு மதியம் கிடைத்ததா?

தாராளமாக வாருங்கள். பின்பக்கத்துச் சின்ன அறைக்கு நானே மஞ்சள் பூச்சு அடித்தேன். பாதி என் சட்டையில். இவள் ஒரு நோட்டுப் போட்டு, எத்தனை மணிக்கு எத்தனை உதை என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். கணக்கு டீச்சர் அல்லவா. புளிப்பு பிடிக்கிறது. வறுவல் வாசனை பிடிக்கவில்லை. "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, சாமி படம் போட்ட தொட்டில் மட்டும் நமக்கு வேண்டாம்னு" என்கிறாள். எனக்கு எதிராக நீங்கள் இருவரும் கூட்டணி.

கல்யாணப் பரிசுக்காகப் பீங்கான் தட்டு வரிசை ஒன்று வருகிறது. தாயும் குழந்தையும், வேறு ஒரு படம். மேலாளர் வேறு ஆளிடம் கொடுக்கப் பார்த்தார். நான்தான் செய்வேன் என்று கேட்டு வாங்கினேன். தட்டு வட்டம், படம் நீளம். யோசித்துச் செய்ய வேண்டும்.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 17

தம்பி,

நலமா என்று கேட்பதற்கே எரிச்சலாக இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிறது, ஒரு வரி கிடையாது. போன் செய்தால் "பிரசவம் இன்னும் ஆகலக்கா, எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அவளிடம் கொடு என்றால் தூங்குகிறாள் என்கிறாய். காலை பத்து மணிக்கும் தூக்கம், மாலை ஐந்து மணிக்கும் தூக்கமா?

முந்தாநாள் பார்சல் வந்தது. கடிதம் இருக்கும் என்று வைக்கோலையெல்லாம் உதறிப் பார்த்தேன். நான்கு தட்டுகள்தான் இருந்தன.

இதுவா நீ கேட்டு வாங்கிச் செய்த வேலை? ஒரு பெண் தலையைச் சாய்த்துக் கீழே பார்க்கிறாள். எதைப் பார்க்கிறாள்? தட்டின் விளிம்பை. கை இரண்டும் எதையோ ஏந்தியிருப்பதுபோல வளைந்து பாதியில் நிற்கின்றன. ஓரத்தில் ஒரு குட்டிக் கால்விரல் மட்டும் மிச்சம். அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்பக்கம்கூடப் பார்த்துவிட்டாள். "இவ குழந்தை எங்கடி?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? குழந்தையை எங்கேயடா விட்டாய்? கடிகாரத்துக்கு இரண்டு நாள் சண்டை போட்டவன் தட்டில் இப்படிக் கோட்டை விடலாமா? நீ அப்பனாகி என்னத்தைக் கிழிக்கப் போகிறாயோ!

இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுக்கவா? உடனே பதில் போடு.

அக்கா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா நலமா? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா? அத்தான் நலமா? கடையில் வேலை எப்படி? உன் கழுத்து வலி குறைந்ததா? எதிர்வீட்டுக்காரர் நலமா?

தட்டு விஷயம். தட்டின் நடுப்பகுதி குழிவானது. விளிம்பு மேலே ஏறும். நீளப் படத்தைக் குழிவான வட்டத்தில் பதிக்கும்போது ஓரத்தில் ஒரு விரற்கடை விட வேண்டியிருக்கும். அளவு எடுக்கும்போது கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிவிட்டது. சூளைக்குப் போன பிறகுதான் கவனித்தார்கள். இருநூறு தட்டுகள். இது எந்தக் கம்பெனியிலும் நடப்பதுதான். இப்போது என்னைப் பார்சல் கட்டும் பிரிவில் வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்ல வேலைதான். யோசிக்க வேண்டியதில்லை.

இப்போது வர வேண்டாம். தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அம்மா முழங்காலோடு நடக்க முடியாது. நானே சொல்கிறேன், அப்போது வாருங்கள்.

அவள் நலம்.

தம்பி

*

மே 7

தம்பி,

எதிர்வீட்டுக்காரர் நலமா என்று கேட்டிருக்கிறாய். அவரை உனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர் நலம். உன் மனைவியைப் பற்றி இரண்டே சொல் எழுதியிருக்கிறாய். குழியைப் பற்றியும் விளிம்பைப் பற்றியும் ஒரு பக்கம்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. "அவன் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டான், நீதான் அவனத் திட்டி எழுதியிருப்பே" என்கிறாள். தண்ணீர்க் குழாய் தோண்டினால் பிரசவம் தள்ளிப் போகுமா? உன் தெருவில் இருக்கிற மற்றவர்களெல்லாம் பறந்தா போகிறார்கள்?

நாங்கள் வராவிட்டால் போகட்டும், இதையாவது வாங்கிக்கொள். அம்மா தைத்த எட்டுச் சட்டைகள். பருத்திதான், நான்கு முறை துவைத்து மெத்தென்று ஆக்கியிருக்கிறேன். ஒரு தொப்பி. ஒரு ஜோடிக் காலுறை நான் பின்னியது, ஒன்று பெரிது ஒன்று சிறிது, யாரும் சிரிக்க வேண்டாம். ஒன்றிலும் எந்தச் சாமி படமும் இல்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இருக்கும். பிறந்த உடனே தந்தி அடிக்கிற மாதிரி ஒரு வார்த்தையாவது சொல்.

அக்கா

*

மே 18

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வந்தது. அவர் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் பிரித்தேன். எட்டுச் சட்டையையும் கட்டில்மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிறகு எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை.

நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தேன்? மார்ச் இருபத்தொன்றாம் தேதி குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம்தான். பதினொரு மணி நேரம் இருந்தது. "அக்காவுக்கு எழுதிட்டேன்" என்று மறுநாளே அவர் சொன்னார். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து எனக்கு ஒரு வரி வரவில்லை. துக்கம் கேட்டு ஒரு போன் இல்லை. அத்தையும் வரவில்லை. சரி, இவர்களுக்கு இது ஒரு குழந்தையாகவே படவில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது சட்டை அனுப்புகிறீர்கள். யாருக்குப் போட?

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அந்த அறையை அவர் காலி செய்து வெள்ளை அடித்துவிட்டார். என் நோட்டைக்கூடக் காணோம். நான் பேச ஆரம்பித்தால் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போகிறார். அந்தத் தட்டு எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அது அளவு தப்பியது இல்லை அண்ணி. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவரோடு வேலை செய்கிறவரும் சொன்னார். சரியாகத்தான் வந்திருந்ததாம், இவரே மறுபடி உட்கார்ந்து நகர்த்தினாராம். அறையை மாற்றினார், தட்டை மாற்றினார். அந்தத் தட்டில் இருக்கிற பெண்ணைப்போல வெறுங்கையோடு நான் மட்டும் நிற்கிறேன்.

துணிகளை என்ன செய்ய என்று சொல்லுங்கள்.

*

மே 21

என் கணக்கு டீச்சரம்மாவுக்கு,

அவன் எனக்கு எழுதவில்லை. ஒரு வார்த்தை எழுதவில்லை. இன்று காலை உன் கடிதத்தைப் பிரிக்கும்வரை, இந்த வாரம் பிறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நீ நம்பாமலும் இருக்கலாம். நம்பும்வரை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அம்மாவுக்குச் சொன்னேன். அழுதாள். பிறகு, "என் மருமக ரெண்டு மாசமா என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பா" என்று கேட்டு மறுபடி அழுதாள்.

துணிகள் உன்னுடையவை. வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா, நீ மட்டும் சொல். அவன் கை அதில் படக் கூடாது. வெள்ளிக்கிழமை வருகிறேன். பேச வேண்டாம் என்றால் பேச மாட்டேன்.

அண்ணி

*

மே 21, அதே உறையில்

டேய்,

நலம் விசாரிப்பு கிடையாது.

எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொன்னாய். பிரசவம் இன்னும் ஆகவில்லை என்று என்னிடம் சொன்னாய். இரண்டு பொய்க்கு நடுவில் ஒரு பெண்ணைத் தனியாக உட்காரவைத்தாய். அவள் எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்தாள். நான் அவளைச் சோம்பேறி, தூங்குமூஞ்சி என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இது யார் செய்த வேலை?

குழந்தையை எங்கேயடா விட்டாய் என்று என் கையால் எழுதினேன். அப்பனாகி என்ன கிழிக்கப் போகிறாய் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு விளிம்பு ஏறும், விரற்கடை விட வேண்டும் என்று பதில் போட்டாயே, எப்படியடா முடிந்தது? ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன். என்னை அப்படி எழுதவைத்ததற்காக உன்னை மன்னிக்க மாட்டேன். என்னாலேயே என்னை மன்னிக்க முடியவில்லை, அது வேறு.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வா. குழாய்ப் பள்ளம் இருந்தால் தாண்டி வருகிறேன்.

அக்கா

*

ஜூன் 11

தம்பிக்கு,

சேர்ந்துவிட்டேன். வழியில் சிரமமில்லை. அம்மா முதலில் அவளைப் பற்றிக் கேட்டாள், பிறகு உன்னைப் பற்றி, மூன்றாவதாகத்தான் என்னை உள்ளே வரச் சொன்னாள்.

உன் வீட்டில் இருந்த பதினெட்டு நாளில் உன்னைப் பார்த்து எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஸ்டேஷனில் பெட்டியை வாங்கிக்கொண்டு "பயணம் எப்படிக்கா?" என்றாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டால் மரம் மாதிரி நிற்கிறாய். ஒரே பாத்திரத்தை மூன்று முறை கழுவுகிறாய்.

அவள் என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் துணி காயப்போடும்போது, "உண்மையாவே உங்களுக்குத் தெரியாதா அண்ணி?" என்று கேட்டாள். "தெரிஞ்சிருந்தா நான் வீட்டுல உக்காந்து காலுறை பின்னிட்டு இருந்திருப்பேனா?" என்றேன். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்குத்தான் பெண் குழந்தை என்று எனக்குத் தெரியும். பெயர் வைத்திருந்தீர்கள் என்பதும். ஆனால் அவளால் குழந்தையை உயிரோடு பார்க்க முடியவில்லையாம். மயக்கம் தெளிந்து அவளை அழைத்துப் போவதற்குள் முடிந்துவிட்டது. கண் மூடிய பிறகுதான் கையில் வாங்கினாள். பதினொரு மணி நேரமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நீ ஒருவன்தான்.

அதனால்தான் கேட்டேன். வேறெதையும் கேட்கவில்லை. "பாப்பா எப்படிடா இருந்தா?" என்று ஒரே ஒரு கேள்வி. அவளும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புகூடப் போடாமல் கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாய். வீட்டில் ஏற்கெனவே மூன்று தீப்பெட்டி இருக்கிறது. உன்னை என்னதான் செய்வது? அவள் எழுந்து உள்ளே போனதையாவது பார்த்தாயா? கிட்டத்தட்ட மூன்று மாதமாக அந்த முகத்தை நீ ஒருவனே வைத்துக்கொண்டிருக்கிறாய். அதில் அவளுக்குப் பாதி உண்டு.

இதற்குப் பதில் வரும்வரை நான் எழுத மாட்டேன். பார்சல் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அம்மாவும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் கொஞ்சம் பரவாயில்லை.

உன் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். படித்து முடித்து எதிரில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள். எழுந்துவிட்டேன். "அடுப்புல ஒண்ணும் இல்ல, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அவளுக்குச் சொன்னதை உனக்கு எழுதுகிறேன்.

என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான முதுகு. தலையில் நிறைய முடி, ஈரமாக, ஒரே பக்கம் படிந்து. இடது காதின் மடல் மடிந்திருந்தது, அவளுக்கு இருப்பதுபோலவே. நர்ஸ் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தபோது பாப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். சாந்தமாகவெல்லாம் பார்க்கவில்லை. என்ன இது, யார் இந்த விளக்கைப் போட்டது என்று கேட்பதுபோல நெற்றியைச் சுருக்கினாள். அசல் நீ. அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்தேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட அவள் இருக்கவில்லை. அந்த நேரத்தில் சிரித்தேன் என்று யாரிடம் சொல்வேன்? அதனால்தான் எதையும் சொல்லவில்லை.

இவள் கேட்டுவிட்டு, "மறுபடி சொல்லுங்க" என்றாள். மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை, நெற்றியை எப்படிச் சுருக்கினாள் என்று செய்து காட்டச் சொன்னாள். செய்தேன். அவளும் சிரித்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அடித்தாள். நன்றாக வலித்தது. நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அதை மட்டும் தூக்கிப் போடவில்லை, கம்பெனியில் என் மேசையில் வைத்திருந்தேன். சட்டைகளை அவள் கொடுக்கவில்லை, அலமாரியில் வைத்திருக்கிறாள். அம்மாவிடம் சொல்.

நேற்று இருவரும் லீவு போட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். எழுத்தர் தலை நிமிராமல், "குழந்தை பேரு?" என்றார். இவள் சொன்னாள். எழுதினார். "அப்பா பேரு?" என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். எழுத்தர் பேனாவால் மேசையைத் தட்டி, "அப்பா பேரு சொல்லுங்க சார்" என்றார்.

இவள் முழங்கையால் என்னை இடித்தாள். "உங்களத்தான் கேக்குறாரு."

சொன்னேன், அக்கா.

உன் தம்பி